வாசல் மணியும் வாக்காளர் அட்டையும்: அயோவாவின் குடியரசுக் கட்சி மாதர் மன்றங்கள்

1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பெண் எவருக்கும் அதிபர் தேர்தலில் வாக்கு இல்லை. அதே ஆண்டில்தான், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள கிளின்டன் என்ற ஊரில் வாழ்ந்த ஜூடித் எலன் ஃபாஸ்டர் அம்மையார், குடியரசுக் கட்சிக்காக நாடு முழுவதும் வேலை செய்யும் மகளிர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். தங்களுக்கு வாக்கில்லாத தேர்தலில் பிறரிடம் வாக்குக் கேட்டு அந்தப் பெண்கள் ஊர் ஊராகப் போனார்கள். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் கிளை விரித்திருக்கும் குடியரசுக் கட்சி மாதர் மன்றங்களின் வம்சாவளியைத் தேடிப் போனால், நாம் வந்து நிற்கும் முதல் வாசல்களில் ஒன்று இந்த அம்மையாருடையது.

ஃபாஸ்டர் கணவரிடமே சட்டம் படித்தவர். 1872இல் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு, அயோவா உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய முதல் பெண் என்ற பெயரையும் பெற்றார். அவரைப் பொதுவாழ்வுக்கு இழுத்து வந்தது மதுவிலக்கு. கூலிப்பணம் வீட்டுக்கு வருமுன் சாராயக்கடையில் கரைந்துபோவதை நாள்தோறும் கண்ட பெண்கள், கடையை மூட வைக்கும் சட்டம் கேட்டார்கள். சட்டம் வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் கட்சி வேண்டும். இந்தக் கணக்கு ஃபாஸ்டருக்குத் தெளிவாகப் புரிந்தது. 1882இல் அயோவா மக்கள் மதுவிலக்குத் திருத்தத்தை வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். மறு ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் திருத்தத்தின் வாசகம் நடவடிக்கைக் குறிப்பேட்டில் முறைப்படி ஒன்றுபோல் பதியப்படவில்லை என்பதே காரணம். பல ஆண்டு உழைப்பு ஓர் எழுத்தரின் மேசையில் வீணாய்ப் போனது. மினிட் புத்தகத்தைப் பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று சங்கச் செயலாளர்கள் படுத்தும் பாட்டைச் சலித்துக்கொள்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. அந்நாளில் நாட்டின் மிகப் பெரிய பெண்கள் அமைப்பாக இருந்த கிறிஸ்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தை அதன் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட், மதுவிலக்குக் கட்சியோடு சேர்த்துவிட்டார். ஃபாஸ்டர் இதைக் கடுமையாக எதிர்த்து, 1889இல் வெளியேறிக் கட்சி சாராத மதுவிலக்குச் சங்கம் ஒன்றை அமைப்பதில் முன்னின்றார். தாம் நெஞ்சார ஒரு கட்சிக்காரராக இருந்துகொண்டே, ஊர்ச் சேவைக்கான சங்கத்தைக் கட்சியோடு பிணைக்கக் கூடாது என்று வாதாடினார். கட்சி வேலைக்குத் தனிச் சங்கம், சமூக வேலைக்குத் தனிச் சங்கம் என்று இரண்டு கணக்குப் புத்தகம் வைத்தார். அந்த இரண்டும் எங்கே கலக்கலாம், எங்கே கலக்கக் கூடாது என்ற கேள்வி அவருக்குப் பின் வந்த எல்லா மன்றங்களுக்கும் கூடவே வந்தது.

வாக்குரிமை அயோவாவுக்குத் தவணை முறையில்தான் வந்தது. 1894இல் பெண்களுக்குக் கிடைத்தது பாதி உரிமைகூட இல்லை. ஊராட்சியும் பள்ளியும் கடன்பத்திரம் வெளியிடலாமா, வரி உயர்த்தலாமா என்ற கேள்விகளுக்கு அவர்கள் வாக்களிக்கலாம். பள்ளிக்கூடம் கட்டக் கடன் வாங்கலாம் என்று சொல்லலாம், ஆனால் மேயரைத் தேர்ந்தெடுக்க முடியாது. 1916இல் முழு உரிமைக்காக நடந்த வாக்கெடுப்பு சுமார் 10,000 வாக்குகளில் தோற்றது. அப்புறம் 1919 ஜூலை 2 அன்று, நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கும் 19ஆம் திருத்தத்தை ஏற்ற பத்தாவது மாநிலமாக அயோவா கையெழுத்திட்டது. அந்தத் திருத்தத்துக்காகத் தேசிய அளவில் படை நடத்திய கேரி சாப்மன் கேட் இந்த மாநிலத்தின் சார்லஸ் சிட்டி அருகே வளர்ந்தவர்.

வாக்கு வந்ததும் கட்சிகள் விழித்துக்கொண்டன. 1924இல் குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவில் ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. மாவட்டந்தோறும் துணைத் தலைவர் நாற்காலி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெயர் பெரிதாக இருந்ததே தவிர முடிவுகள் வேறு அறையில் எடுக்கப்பட்டன. அதனால் பெண்கள் தங்களுக்கென்று மன்றங்களை வளர்த்துக்கொண்டார்கள். அயோவாவின் வெஸ்ட் பிராஞ்ச் ஊரில் இரண்டே அறை கொண்ட சிறு வீட்டில் பிறந்த ஹெர்பர்ட் ஹூவர் 1928இல் அதிபர் வேட்பாளரானபோது, வானொலிப் பெட்டி வைத்திருந்த பெண்கள் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அவருடைய உரையைக் கேட்க வைத்தார்கள். வீட்டுக்கூடமே பொதுக்கூட்ட மேடையாயிற்று. ஹூவரின் மனைவி லூ ஹென்றியும் அயோவாவின் வாட்டர்லூவில் பிறந்தவர்தான். பெண் சாரணர் இயக்கத்தின் தேசியத் தலைவராக இருந்தவர். 1929 ஜூனில், கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் ஆஸ்கர் டிபிரீஸ்ட்டின் மனைவி ஜெஸ்ஸியை வெள்ளை மாளிகைக்குத் தேநீருக்கு அழைத்ததற்காகத் தென் மாநிலங்களின் கடும் வசையை அவர் தாங்கிக்கொண்டார்.

பிறகு வந்தது பெரும் சரிவு. 1936 தேர்தலில் அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்த குடியரசுக் கட்சிக்கு மெய்ன், வெர்மான்ட் ஆகிய இரண்டே மாநிலங்கள் கிடைத்தன, 8 தேர்வாளர் வாக்குகள். ஹூவரின் சொந்த மாநிலமான அயோவாவும் 1932, 1936 இரண்டு முறையும் ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தது. கட்சிக்குப் பணமும் இல்லை, பதவியும் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் தலைமைக்கு ஊர் மாதர் மன்றங்களின் அருமை தெரிந்தது. கட்சி பிழைத்திருந்த இரண்டு மாநிலங்களில் ஒன்றான மெய்னிலிருந்து மேரியன் மார்ட்டின் என்ற சட்டமன்ற உறுப்பினர் அழைத்து வரப்பட்டார். 1938 செப்டம்பரில் சிகாகோவில் பதினோரு மாநிலங்களின் மன்றங்களைச் சேர்த்துத் தேசியக் கூட்டமைப்பை அவர் உருவாக்கினார். முதல் தலைவர் கொலராடோவைச் சேர்ந்த ஜாய்ஸ் ஆர்னீல்.

மார்ட்டின் வகுத்த விதிகளில் ஒன்று இன்றும் மன்றங்களின் முதுகெலும்பாக இருக்கிறது. கட்சிக்குள்ளே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் மன்றம் யாருக்கும் கொடி பிடிக்கக் கூடாது என்பதே அது. உறுப்பினர் தனிப்பட்ட முறையில் யாரை வேண்டுமானாலும் ஆதரிக்கலாம். மன்றத்தின் பெயரும் முத்திரையும் வேட்பாளர் முடிவான பிறகே வெளியே வரும். இது பெண்களின் வாயை அடைக்கும் விதி என்று அப்போதே சிலர் குறைப்பட்டார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் நூறு பேர் வாழும் சிறிய ஊரில் இரண்டு கோஷ்டியையும் ஒரே மேசையில் உட்கார வைக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இத்தனையும் செய்த மார்ட்டினை 1946இல் கட்சித் தலைமை பதவியிலிருந்து நீக்கியது. அவர் மெய்னுக்குத் திரும்பி, 1947 முதல் 1972 வரை இருபத்தைந்து ஆண்டுகள் அம்மாநிலத்தின் தொழிலாளர் துறை ஆணையராகப் பணிபுரிந்தார்.

ஊர் மன்றம் அன்றாடம் என்ன செய்தது? 1940களிலும் 50களிலும் அயோவாவின் சோளவயல்களுக்கு நடுவே இருந்த சிறு ஊர்களை மனத்தில் கொண்டுவர வேண்டும். மாதம் ஒரு கூட்டம், யாராவது ஒருவர் வீட்டிலோ தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்திலோ நடக்கும். இறைவணக்கம், தேசியக் கொடிக்கு உறுதிமொழி, சென்ற கூட்டத்தின் மினிட் வாசிப்பு, பொருளாளர் கணக்கு, பிறகு ஒரு பேச்சாளர். முடிவில் காபியும் கேக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொழுதுபோக்குக் கூட்டம்போலத் தெரியும். வேலை முழுக்க அதற்கு அடுத்த நாள் காலையில் தொடங்கும்.

ஒவ்வோர் உறுப்பினருக்கும் சில தெருக்கள் பொறுப்பு. வீட்டுக்கு ஓர் அட்டை. அந்த வீட்டில் வாக்குள்ளவர் எத்தனை பேர், பதிவு செய்தாயிற்றா, எந்தக் கட்சிப் பக்கம், புதிதாகக் குடிவந்தவரா, கல்லூரிக்குப் போன பிள்ளைக்கு அஞ்சல் வாக்கு வேண்டுமா, நடக்க முடியாத மாமியாரைச் சாவடிக்குக் கூட்டிப் போக கார் வேண்டுமா என்பதெல்லாம் அட்டையில் ஏறும். வாசல் மணியை அடித்துத் திறக்கும் வரை நிற்க வேண்டும். பெரும்பாலும் கதவைத் திறப்பவள் கைக்குழந்தையோடு இருக்கும் இல்லத்தரசி. அவளோடு பள்ளிக்கூடம், மழை, பன்றி விலை என்று பேசி முடிக்கும்போதுதான் தேர்தல் பேச்சு வரும். அட்டையில் எழுதுவது வாசலைத் தாண்டிய பிறகு.

தேர்தல் நாளில் இந்த அட்டைகளின் பயன் தெரியும். சாவடியில் உட்கார்ந்திருக்கும் மன்ற உறுப்பினர் வாக்களித்தவர்களின் பெயரைப் பட்டியலில் அடித்துக்கொண்டே வருவார். நம் ஊர் பூத் ஏஜென்டுகள் செய்கிற அதே வேலைதான். மதியம் ஒருவர் அந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவார். அங்கே நாலைந்து பெண்கள் தொலைபேசிக்குப் பக்கத்தில் அட்டைகளோடு காத்திருப்பார்கள். அடிக்கப்படாத பெயர்களுக்கு ஒவ்வொன்றாக அழைப்பு போகும். “குழந்தையை யாரிடம் விடுவது?” என்று பதில் வந்தால், கூடத்தில் குழந்தை பார்த்துக்கொள்ளவே ஒருவர் தயாராக இருப்பார். கார் வேண்டும் என்றால் வாசலில் கார் நிற்கும். சாயங்காலம் சாவடி மூடும்வரை இது ஓயாது. இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது, பத்திரிகையில் பெயரும் வராது. ஒரு மாவட்டத்தின் வெற்றி தோல்வி பத்து சாவடிகளில் பத்துப் பத்து வாக்குகளாக இப்படித்தான் நகர்ந்தது.

இந்த வேலையிலிருந்து மேலே வந்த ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அயோவாவின் எடிவில் ஊரில் 1914இல் பிறந்த மேரி லூயிஸ் ஸ்மித், அயோவா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி நிர்வாகம் படித்துப் பொருளாதார மந்த காலத்தில் மாநில நிவாரணத் துறையில் வேலை பார்த்தவர். மருத்துவரான கணவருடன் 1945இல் ரைட் மாவட்டத்தின் ஈகிள் குரோவ் என்ற சின்ன ஊரில் குடியேறினார். அங்கே அவர் செய்தவை மேலே சொன்ன வேலைகள்தான். வீடு வீடாகப் போனார், உறைகளில் கடிதம் மடித்துப் போட்டு அஞ்சல்தலை ஒட்டினார், மாதர் மன்றத்தில் உழைத்தார். அதோடு ஊர்ப் பள்ளிக்குழுவிலும் இருந்தார். பார்வையற்றோருக்கான மாநில ஆணையத்தில் பணியாற்றினார். மாவட்டக் கட்சியின் துணைத் தலைவர், மாநிலக் கட்சியின் துணைத் தலைவர் என்று ஒவ்வொரு படியாக ஏறி, 1964இல் தேசியக் குழுவில் அயோவாவின் பெண் உறுப்பினரானார். அந்தப் பொறுப்பில் இருபது ஆண்டுகள் இருந்தார்.

1974 செப்டம்பரில் அதிபர் ஃபோர்டு அவரைக் கட்சியின் தேசியக் குழுத் தலைவராக்கினார். குடியரசுக் கட்சியின் வரலாற்றில் அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர். எப்படிப்பட்ட நேரம் அது! வாட்டர்கேட் ஊழலால் முந்தைய அதிபர் நிக்சன் ராஜினாமா செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கட்சிக்காரர் என்று வெளியில் சொல்லவே கூச்சப்பட்டார்கள். பாத்திரம் அடியில் ஓட்டையான பிறகு அதை அவரிடம் கொடுத்தார்கள் என்று சொல்வது மிகையாகாது. ஸ்மித் அதற்காக வருத்தப்பட்டுக்கொண்டு உட்காரவில்லை, மாநிலம் மாநிலமாகப் போய்க் கட்சியை மறுபடி கட்டினார்.

அவருடைய ஊர்ப் பயிற்சி முழுவதும் பயன்பட்ட இடம் 1976 ஆகஸ்டில் கான்சஸ் சிட்டியில் நடந்த மாநாடு. கட்சியின் அதிபர் வேட்பாளராவதற்கு ஃபோர்டும் ரீகனும் மோதினார்கள். முடிவில் ஃபோர்டுக்கு 1,187 வாக்குகளும் ரீகனுக்கு 1,070 வாக்குகளும் கிடைத்தன. மண்டபம் முழுக்க இரண்டு பாதியாகப் பிளந்து கிடந்த அந்த மாநாட்டைக் கூட்டி நடத்தும் பொறுப்பு அவருடையது. அமெரிக்காவின் இரு பெரும் கட்சிகளில் எதிலும் அதுவரை ஒரு பெண் தேசிய மாநாட்டை ஏற்பாடு செய்து தொடங்கி வைத்ததில்லை. மார்ட்டின் ஊர் மன்றங்களுக்கு விதித்த நடுநிலைமை, இந்த அளவுக்குப் பெரிய மேடையிலும் தேவைப்பட்டது.

மன்றங்களுக்குள்ளேயே அந்த நடுநிலைமை உடைந்துபோன சம்பவமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1960களின் நடுவில் தேசியக் கூட்டமைப்பில் சுமார் ஐந்து லட்சம் பெண்கள் இருந்தார்கள். 1967இல் தலைவர் பதவிக்கு இல்லினாயின் ஃபிலிஸ் ஷ்லாஃப்லிக்கும் கலிபோர்னியாவின் கிளாடிஸ் ஓ’டானலுக்கும் போட்டி. ஓ’டானல் விமானி. 1929இல் சான்டா மோனிகாவிலிருந்து கிளீவ்லாந்து வரை பெண்கள் ஓட்டிய விமானப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர், உலகமே அறிந்த அமீலியா இயர்ஹார்ட் அவருக்குப் பின்னால் மூன்றாவதாக வந்தார். ஷ்லாஃப்லியோ 1964இல் எழுதிய சிறு நூலால் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தார். தலைமை தமக்கு எதிராக வேலை செய்தது என்பது ஷ்லாஃப்லி தரப்பின் மனக்குறை, மிதவாதத்தையும் கட்டுப்பாட்டையும் காப்பாற்றினோம் என்பது மறுதரப்பின் நம்பிக்கை. ஓ’டானல் வென்றார். ஷ்லாஃப்லி அதே ஆண்டில் தமக்கென்று மாத இதழ் தொடங்கி, அதைப் படித்த பெண்களைக் கொண்டே 1972 முதல் ஆண்-பெண் சம உரிமைத் திருத்தத்தை எதிர்க்கும் பேரியக்கத்தைக் கட்டினார்.

அயோவாவில் இந்தப் பிளவு சமையலறை வரை வந்தது. மாநில சட்டமன்றம் 1972இல் தேசிய சம உரிமைத் திருத்தத்தை எளிதாக ஏற்றுக்கொண்டது. மேரி லூயிஸ் ஸ்மித் அதன் உறுதியான ஆதரவாளர், அயோவா மகளிர் அரசியல் பேரவையை நிறுவியவர்களில் ஒருவர். ஆனால் மாநில அரசியலமைப்பிலேயே சம உரிமையைச் சேர்க்கும் யோசனையை அயோவா வாக்காளர்கள் 1980இலும் 1992இலும் தோற்கடித்தார்கள், 1998இல்தான் ஏற்றார்கள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள், இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போனார்கள். பின்னாளில் கட்சி ஸ்மித்தின் கருத்துகளிலிருந்து விலகிப் போயிற்று. 1982இல் அதிபர் ரீகன் நியமித்த குடிமை உரிமைகள் ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்து, அரசின் கொள்கையையே அவர் விமர்சித்தார், மறுநியமனம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகப் பெரிய குணமாகப் படுகிறது. தாம் கட்டிய வீட்டில் தமக்கு அறை இல்லை என்று ஆன பிறகும், சுவரில் விரிசல் இருக்கிறது என்று உள்ளே நின்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர்ச் சேவைக்கு வருவோம். தேர்தல் இரண்டாண்டுக்கு ஒருமுறை. மன்றம் மாதாமாதம் கூடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் செய்யும் வேலைதான் உறுப்பினர்களைக் கலையாமல் வைத்திருக்கிறது. கூட்டமைப்பின் திட்டங்களில் எல்லா ஊரிலும் அறியப்பட்டது, மேமி ஐசனோவர் பெயரில் நடக்கும் நூலகத் திட்டம். அதிபர் ஐசனோவரின் மனைவியான மேமி 1896இல் அயோவாவின் பூன் என்ற ஊரில் பிறந்தவர். அவர் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. திட்டம் எளிது: மன்றம் பணம் சேர்த்து நூல்கள் வாங்கி உள்ளூர்ப் பொது நூலகத்துக்கோ பள்ளி நூலகத்துக்கோ கொடுக்கும். வரலாறு, வாழ்க்கை வரலாறு, நாட்டின் அரசியலமைப்பு, தங்கள் கட்சியின் கொள்கையை விளக்கும் நூல்கள், சிறுவர் நூல்கள் ஆகியவை அதில் இருக்கும். கட்சி வழங்கும் நூலைப் பொது நூலகம் வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம் என்பதே என் எண்ணம், எதை அடுக்கில் வைப்பது என்ற முடிவு நூலகரிடம் இருக்கும் வரை. எதிர்த்தரப்பின் மன்றமும் அதே நூலகத்துக்கு நூல் கொடுக்க முன்வந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது.

சமூகப் பராமரிப்புக்கென்றே கூட்டமைப்பில் தனிக்குழு இருக்கிறது. கிளைகள் அதன் பெயரில் உணவு வங்கிக்கு டப்பா உணவும் பருப்பும் திரட்டுகின்றன. வன்முறைக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லங்களுக்குச் சோப்பு, துண்டு, குழந்தைகளுக்கான டயப்பர் என்று சேர்த்துக் கொடுக்கின்றன. வெளிநாட்டுப் பணியில் உள்ள வீரர்களுக்குக் காபித்தூள், காலுறை, பற்பசை, வீட்டு பிஸ்கட் வைத்த பொட்டலங்கள் போகின்றன. முன்னாள் வீரர்களின் கல்லறைகளில் கொடி நடுவார்கள். கல்லூரி போகும் மாணவியருக்கு உதவித்தொகையும் உண்டு. நான்சி ரீகனைச் சிறப்பித்து 1985இல் தேசியக் கூட்டமைப்பு ஏற்படுத்திய உதவித்தொகை அப்படிப்பட்டது. செய்த மணிநேரங்களை ஒவ்வொரு மன்றமும் குறித்துவைத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும், அதன்படி விருது கிடைக்கும். ஆண்களும் இணை உறுப்பினராகச் சேரலாம். பொட்டலம் தூக்குவதற்கும் விழாப் பந்தலுக்கு மேசை போடுவதற்கும் அவர்கள் வருவார்கள்.

மணிநேரத்தை எழுதிவைக்கும் வழக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். பெண்களின் பொதுவேலை எவ்வளவு என்பது எங்கும் எழுதப்படாமல் போவதால்தான் அது வேலையே இல்லை என்று ஆகிவிடுகிறது.

எழுதிவைப்பதன் மதிப்பை அயோவா மக்கள் 2012இல் நாடறியக் கற்றார்கள். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் அயோவா காக்கஸ் கூட்டம் கடும் குளிர்கால இரவில் நடக்கும். பள்ளி உடற்பயிற்சிக் கூடத்திலும் தேவாலயக் கூடத்திலும் அக்கம்பக்கத்தார் கூடி, ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசியதைக் கேட்டு, ஒரு வெற்றுச் சீட்டில் பெயர் எழுதிக் கொடுப்பார்கள். சீட்டை எல்லோர் கண்முன்னும் எண்ணிப் படிவத்தில் எழுதிக் கையெழுத்திடுவது அந்தக் கூட்டத்தை நடத்தும் ஊர்க்காரர்கள். வாசலில் பெயர் பதிவதும் காபி வைப்பதும் எண்ணிக்கைக்கு உட்காருவதும் மன்றப் பெண்களுக்குப் பழகிய வேலை. அந்த ஆண்டு ஜனவரி 3 இரவு 1,21,000க்கும் மேற்பட்டோர் வாக்களித்தார்கள். மிட் ராம்னி 8 வாக்குகளில் வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து ஊர்ப் படிவங்களைச் சரிபார்த்தபோது ரிக் சான்டோரம் 34 வாக்குகள் முன்னே இருந்தார். எட்டு ஊர்ச் சாவடிகளின் படிவங்கள் கிடைக்கவேயில்லை. ஒரு நாட்டின் அதிபர் பந்தயத்தின் போக்கு, யாரோ ஒரு மேசையில் தவறவிட்ட எட்டுத் தாள்களில் தொங்கிக்கொண்டு நின்றது.

இவ்வளவு உழைத்த அயோவாப் பெண்கள் வேட்பாளராக நின்று வென்றது வெகு தாமதமாகத்தான். முதன்முதலாக ஒரு பெண்ணை இந்த மாநிலம் அமெரிக்கக் காங்கிரசுக்கு அனுப்பியது 2014இல்: செனட்டரான ஜோனி எர்ன்ஸ்ட். அவருடைய முதல் தேர்தல் பதவி மான்ட்காமரி மாவட்டத்தின் தணிக்கையாளர், வாக்காளர் பட்டியலும் தேர்தல் ஏற்பாடும் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. 2017இல் முதல் பெண் ஆளுநராகப் பொறுப்பேற்ற கிம் ரெனால்ட்ஸ், கிளார்க் மாவட்டத்தின் பொருளாளராக நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். இருவரும் குடியரசுக் கட்சியினர். இருவரும் மாவட்ட அலுவலகத்தின் கணக்கு மேசையிலிருந்து வந்தவர்கள். 1894இல் கடன்பத்திரத்துக்கும் வரிக்கும் மட்டும் வாக்களிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட பெண்களின் கொள்ளுப்பேத்திகள் அங்கே வந்து சேர 120 ஆண்டுகள் ஆயின. இந்தத் தாமதத்துக்கு மன்றங்களும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். பிறருக்காக உழைப்பதில் காட்டிய திறமையைத் தங்களில் ஒருத்தியை முன்னிறுத்துவதில் அவை நெடுங்காலம் காட்டவில்லை.

இந்த வரலாறு எழுத ஆதாரம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், அதற்கும் அயோவாவில் ஒரு பதில் இருக்கிறது. டெ மாய்ன் நகரத்து லூயிஸ் நவுன் அம்மையார், அயோவாவின் பெண் வாக்குரிமைப் போராட்டத்தைப் பற்றி 1969இல் நூல் எழுதியவர். அந்த நூலுக்காகத் தேடியபோது பெண்களின் கடிதங்களும் சங்கக் குறிப்புகளும் எங்கும் ஒழுங்காகக் கிடைக்காமல் திண்டாடினார். நவுன் மாநிலக் குடிமைச் சுதந்திரச் சங்கத்தின் தலைவராக இருந்தவர், அரசியலில் ஸ்மித்துக்கு நேர் எதிர்ப்பக்கம். ஆனாலும் இருவரும் நண்பர்கள். இருவரும் சேர்ந்து பெண்களின் ஆவணங்களுக்கென்று ஒரு காப்பகம் தொடங்க முடிவு செய்தார்கள். அதற்குப் பணம் வேண்டும். நவுன் தம்மிடமிருந்த, ஓவியர் ஃப்ரீடா காலோவின் தன்னோவியம் ஒன்றை 1991இல் நியூயார்க்கில் ஏலத்தில் விட்டார். அது 16 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. 1992இல் அயோவா சிட்டியில், பல்கலைக்கழக முதன்மை நூலகத்தின் மூன்றாவது மாடியில், அயோவா மகளிர் ஆவணக் காப்பகம் திறக்கப்பட்டது. பண்ணைப் பெண்கள், ஆசிரியைகள், தொழிற்சங்கத்தார், கறுப்பினப் பெண்கள், மெக்சிகோ வம்சாவளியினர், இரு கட்சிகளின் பெண்கள் என்று எல்லோருடைய தாள்களும் அங்கே பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஸ்மித்தின் கடிதங்களும் உரைகளும் அங்கேதான். உறுப்பினர் பட்டியல், சந்தா ரசீது, கூட்டக் குறிப்பேடு, ஆண்டறிக்கை, விழாவில் எடுத்த படம் என்று ஊர்ச் சங்கங்கள் கொண்டுவந்து தருவதை அங்கே வாங்கி, அமிலமில்லாத உறையில் வைத்து, பட்டியலிட்டு, கேட்டு வருபவர் எவருக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.